அந்தக் குழாயில் நான் விட்ட மூச்சு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். வாய் கொஞ்சம் நீளம் என்று அங்கே எனக்குப் பெயர்.

அன்று முதுகு வழியாகச் செய்யும் சிறுநீரகக் கல் ஆபரேஷன். நோயாளி, கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா. தியேட்டருக்குள் வந்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா இல்லாத புள்ளைங்க ரெண்டு கீதும்மா, பாத்துக்கோ" என்றார். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, மெஷினோடு இணைத்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து அவரைக் குப்புறத் திருப்பினோம்.

திருப்பிய கையோடு மானிட்டரில் ஒரு கோடு படுத்துவிட்டது. வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கோடு அது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேடாக எழ வேண்டும். ஆக்சிஜன் அளவோ 99 என்று ஜம்மென்று நின்றது.

எங்கள் தியேட்டரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூச்சின் ஈரம் ஏ.சி. குளிரில் தண்ணீராகி, மானிட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை அடைத்துக்கொள்ளும். நாலு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். மயக்க மருந்து டாக்டரும் அதையேதான் சொன்னார். "தண்ணி கோத்துண்டிருக்கும்மா, தட்டி விடு."

தட்டினேன். கத்திய அலாரத்தையும் அமுக்கி நிறுத்தினேன். அதுதான் நான் செய்த தப்பு, அதில் அரை நிமிஷம் போய்விட்டது. கோடு எழவில்லை. சர்ஜன் கத்திக்குக் கை நீட்டிவிட்டார். சட்டென்று அந்த மெல்லிய குழாயைக் கழற்றி, மாஸ்க்கை இறக்கி, அதில் நானே ஊதினேன். மானிட்டரில் அழகாக ஒரு மேடு எழுந்தது. அப்படியானால் குழாயில் அடைப்பில்லை. அக்காவின் மூச்சுதான் வரவில்லை.

"சார், லைன் நல்லாத்தான் இருக்கு. டியூப்தான் நழுவிடுச்சு. உடனே திருப்பணும்" என்று சத்தமாகவே சொன்னேன்.

சர்ஜன் முறைத்தார். டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "திருப்புங்கோ" என்றார். மல்லாக்கப் போட்டு வாயைத் திறந்து பார்த்தால், டியூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. முன்பே உடம்பில் நிரப்பி வைத்த ஆக்சிஜனில்தான் அந்த 99 ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் அதற்குள் 91க்கு இறங்கிவிட்டது. டாக்டர் மளமளவென்று புது டியூப் போட்டார். ஒரு மேடு எழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. நான் மாஸ்க்குக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கண் விழித்த அக்கா முதலில் சண்டைக்குத்தான் வந்தார். "இன்னாம்மா பண்ணீங்க, தொண்டைல முள்ளு மாட்னமாரி கீது." அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. சாயங்காலம் டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார், "நான் தட்டச் சொன்னேன், அவ ஊதிப் பார்த்தா. இனிமே எல்லாரும் ஊதிப் பாருங்கோ."

இப்போது எங்கள் தியேட்டரில் அதுதான் வழக்கம். தினமும் காலையில் அந்தக் குழாயில் ஊதி, மேடு எழுவதைப் பார்க்கும்போதெல்லாம், மூச்சும் பேச்சும் இல்லாமல் கிடந்த ஒருத்திக்காக நான் வாய் திறந்த நாளை நினைத்து, கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது.