தண்ணீரின் ருசி கேட்டவர்

பக்கத்து பெட்ரோல் பங்கை மூடிப் பல வருஷம் ஆகியும் எங்கள் வடமாலபேட்டை வீட்டுக் கிணற்றில் பெட்ரோல் நாற்றம் போகவில்லை. மண்ணுக்கடியில் இருந்த டேங்க் ஓட்டை. சுத்தம் செய்கிறோம் என்று வந்தவர்களில் ஒருவர் மாதாமாதம் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போவார். ஒல்லியான ஆள், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வண்டியின் பெட்ரோல் வாடை பாட்டிலில் சேர்ந்தால் சோதனை தப்பாகிவிடுமாம்.

ஒருநாள் கத்திவிட்டேன். "மாசாமாசம் மொண்டுக்கினு போறியே, நான் எப்போய்யா குடிக்கிறது?"

"தெரியாதுண்ணா. தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய்யி." பாட்டிலை மூடினார். "மின்னே எப்படிண்ணா இருந்துச்சு இந்தத் தண்ணி?"

கிணற்றுக்காக மனு கொடுத்த இடத்தில் எல்லாம் பட்டா கேட்டார்கள். இதை ஒருவனும் கேட்கவில்லை.

"பருப்பு ரெண்டு விசில்ல வெந்துடும். வெயில்ல வந்து ஒரு சொம்பு குடிச்சா சோறே வேணாம்" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் எச்சில் விழுங்கினார்.

இப்போது வேறொருவர் வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிப் போகிறார். அந்த ஒல்லி ஆளுக்கு ஏன் பழைய தண்ணீரின் ருசி தெரிய வேண்டியிருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், யாராவது மறுபடி கேட்கமாட்டார்களா என்றிருக்கிறது.