பௌசியா வாங்காமல் போன ஹெல்மெட்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எனக்கு விளங்கவில்லை. இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியும் இன்னாரின் தாயாருமானவர் மௌத்தாகிவிட்டார், ஜனாஸா அடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்றது குரல். யாரோ ஒரு வீட்டுப் பெண் என்று நினைத்து, வாய்க்குள் ஓதிக்கொண்டு, மறுபடி வீதியைப் பார்த்தேன். பட்டறையைத் திறந்துவைத்துவிட்டு பௌசியாவுக்காகக் காத்திருந்தேன். அவளுடைய கணவரின் முழுப்பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் நஸீர் நானா. அவரே தொலைபேசியில் அழைத்தார். “புள்ள, அறிவிச்சது கேட்டிச்சா?” என்றார். கேட்டது என்றேன். அதன் பிறகுதான் கேட்டது.

அவளை அறிந்த உங்களுக்காக, அந்த அறிவிப்பில் விடுபட்டதை எழுதுகிறேன். பௌசியா வெல்டிங் செய்பவள். நுரைச்சோலை வீதியில் எங்கள் தகரக் கொட்டிலைக் கடந்து போனவர்கள் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் கிறில், கேற், தண்ணீர்த் தாங்கிக்கு நிலைச்சட்டம் எல்லாம் அவள் கையால் ஒட்டியவை. அளவெடுப்பது, வரைவது, ஆட்களோடு கதைப்பது என் வேலை. “டிகிரிக்காரி” என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். அவளை ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

கடைசியாக நாங்கள் எடுத்த வேலை பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் கருவாடு போடும் பெண்களுடையது. மணலில் காயப்போட்டால் நாயும் காகமும் விடுவதில்லை, இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தட்டிகள் வேண்டும், மீன் பருவம் தொடங்குமுன் வேண்டும் என்று அவர்களுக்காகக் கதைத்தவர் ராபியா ராத்தா. அந்த வேலையில்தான் பௌசியா என்னையும் வெல்டிங் பழகச் சொன்னாள். நான் தயங்கினேன்.

“ரெண்டு பேர்ல ஒருத்திதான் நெருப்புப் பிடிக்கிறதெண்டா இது பட்டறையில்ல புள்ள. எனக்குக் காய்ச்சல் வந்தா மூடுற கடை.”

பழைய துண்டு இரும்புகளில் பழகத் தொடங்கினேன். இருவருக்கும் இருந்தது அவளுடைய பழைய ஹெல்மெட் ஒன்றுதான். நிரந்தரமாகக் கறுத்த கண்ணாடி. தலையைச் சட்டென்று ஆட்டினால் முகத்தின் மேல் விழும். விழுந்த பிறகு நெருப்புப் பிடிக்கும் வரை ஒன்றும் தெரியாது. அவளுக்குக் கை வழி சொல்லும். நானோ வெல்டிங் கம்பி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஹெல்மெட்டைத் தூக்குவேன், அந்த நேரம் பார்த்து நெருப்புப் பிடிக்கும். ஒரு மாலை வீட்டுக்குப் போனபின் இரண்டு கண்ணிலும் மணல் கொட்டியதுபோல் எரிந்தது. மறுநாளே எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்க, என்னைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினாள்.

கடைக்காரர் முதலில் நீட்டியது மண்டையோடும் நெருப்பும் வரைந்த ஒன்று. “இதுதான் இப்ப நல்லா ஓடுது.”

“மண்டையோடு அவக்கிட்டயே இரிக்கி நானா. உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு காட்டுங்க” என்றாள் பௌசியா.

நெருப்புப் பிடித்த கணமே தானாகக் கறுக்கும் கண்ணாடி உள்ள ஒன்றைக் கையில் எடுத்தாள். என் தலையில் போட்டாள். குனி என்றாள், நிமிர் என்றாள், கூரையைப் பார் என்றாள். நான் குனிந்ததும் ஹெல்மெட் வழுக்கி மூக்கில் நின்றது. அன்று நான் கட்டியிருந்தது பளபளப்பான ஸ்கார்ப். நல்ல கடைக்குப் போகிறோமே என்று நல்லதைக் கட்டியிருந்தேன். பௌசியா தன் பையிலிருந்து பழைய சாரமொன்றைக் கிழித்துத் தைத்த பருத்தித் தொப்பி ஒன்றை எடுத்தாள். அலுமாரிகளின் பின்னால் என்னை நிறுத்தி, ஸ்கார்ப்பைக் கழற்றி, அதை மாட்டிவிட்டாள். “இந்த வழுக்கல் துணியில ஒரு பொறி விழுந்தா உருகித் தோலோட ஒட்டிரும். இனி இதைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வராத.”

பிறகு என் மூக்குக் கண்ணாடியையும் போடச் சொல்லி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்து, வாசலுக்குக் கூட்டிப்போய், வருகிற பஸ்ஸின் பலகையை வாசிக்கச் சொன்னாள். எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. கற்பிட்டி என்று வாசித்தேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“தங்கச்சி, நீங்க எடுக்கிறது கலியாணச் சாரியில்ல” என்றார் கடைக்காரர்.

“கலியாணச் சாரி ஒரு நாளைக்கு நானா. இது ஒவ்வொரு நாளும் தலையில இரிக்கணும்.” என்னிடம் திரும்பினாள். “கண்ணைக் கேக்காத, கழுத்தைக் கேளு. கழுத்து என்ன சொல்லுது?”

கழுத்து நோகிறது என்றுதான் சொன்னது. ஆனால் வெயிலும் ஆட்களின் பார்வையும் தாங்காமல், “இது போதும் பௌசியா, எடுப்போம்” என்றேன்.

அவள் ஹெல்மெட்டை என் தலையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். “போதும் எண்டு எடுக்கிறவ, கழுத்து நொந்ததும் கழட்டி வைப்பா. கழட்டி வச்ச நேரம் பார்த்துத்தான் கண் போகும். வேற சரக்கு வரட்டும், திரும்ப வருவம்.” வெறுங்கையோடு பஸ் ஏறினோம். எனக்கு எரிச்சல். அவள் வழி நெடுக நிலக்கடலை தின்றுகொண்டு வந்தாள். திரும்பப் போகும் நாள் வரவில்லை.

அவள் போனபின் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பட்டறையைத் திறப்பேன், இரும்புகளைத் தொட்டுப் பார்ப்பேன், பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன், பூட்டினேனா என்று திரும்பப் போவேன். தட்டிகள் முடிந்திருந்தன, கால்கள்தான் பாக்கி. ராபியா ராத்தா அழைத்தார். முதலில் அழுதார். பிறகு தயங்கித் தயங்கி, “மகள், பருவம் வருது. வேற ஆக்களிட்ட குடுக்கட்டா? கோவிக்காதீங்க” என்றார். கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். “கொஞ்சம் பொறுங்க ராத்தா” என்று மட்டும் சொன்னேன்.

நஸீர் நானா அவளுடைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தந்தார். “நீங்களே போடுங்க புள்ள. அவவும் அதைத்தான் விரும்புவா.” அவர் முன்னால் போட்டுக்கொண்டேன். உள்பட்டை அவள் தலைக்கு இறுக்கியபடி இருந்தது. அவளுடைய எண்ணெய் வாசம் இருந்தது. தலையை ஆட்டினேன், இருட்டு விழுந்தது, அதற்குள் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே அவர் என்ன செய்தார் என்று தெரியாது. பிறகு கழற்றி அவரிடமே கொடுத்தேன். அவள் அதை விரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைப் போட்டால் நான் திரும்பவும் தூக்கிப் பார்ப்பேன், கண் போகும்.

தனியாகப் புத்தளம் போனேன், பருத்தித் தொப்பியோடு. கடைக்காரருக்குச் செய்தி தெரிந்திருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இருந்த எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றாகப் போட்டேன். குனிந்தேன், கூரையைப் பார்த்தேன், வாசலில் நின்று பஸ் பலகைகளை வாசித்தேன். ஆட்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். வெயில் ஏறியது. ‘போதும்’ என்ற சொல் பலமுறை நாக்கு வரை வந்தது. கடைசியில் ஒன்று, படம் ஏதுமில்லாத சாதாரணக் கறுப்பு, அது தலையில் இருப்பதையே மறந்து நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். கழுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்தேன்.

தட்டிகளுக்கு இப்போது கால்கள் இருக்கின்றன. ஒட்டுகள் அவளுடையவைபோல் இல்லை. எறும்பு மண் தள்ளியதுபோல் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். உடைந்தவற்றைத் திரும்ப ஒட்டினேன். ராபியா ராத்தா வந்து ஒரு தட்டியைப் பிடித்து முழுப் பலத்தோடு ஆட்டினார். “அழகில்ல. ஆனா நிக்கிது” என்றார்.

பௌசியாவின் ஹெல்மெட் அவள் வீட்டில் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாரத்துணித் தொப்பியும், ‘போதும்’ என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அவள் கேட்கும் ‘கழுத்து என்ன சொல்லுது?’ என்ற கேள்வியும். இன்று காலையும் பட்டறையைத் திறந்தேன். யாருக்காகவும் வீதியைப் பார்த்து நிற்கவில்லை.