ஸெலியின் நாக்கு

மதாம் பெராஷோனின் சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் உப்புக் கிண்ணம் கிடையாது. எவனாவது உப்பு கேட்டுவிட்டால் போச்சு. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "உன் பெண்டாட்டிகிட்டப் போய்க் கேளு!" என்று வாசலைக் காட்டுவாள். பிரான்சின் சோன் ஆற்றங்கரையில் சந்தை கூடுகிற புதன்கிழமைகளில் மாட்டுத் தரகர்களும் பத்திரம் எழுதும் நோட்டரியும் அந்த ஏச்சையும் சேர்த்தே தின்றுவிட்டுப் போவார்கள். பாலேட்டில் அவள் வேகவைக்கும் கோழிக்கு அப்படி ஒரு பெயர்.

கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுத்துக் கொடுப்பவள் ஸெலி. அநாதை விடுதியிலிருந்து சிறு பெண்ணாக வந்தவள். அந்தச் சமையலறையிலேயே தலை நரைத்துவிட்டது. பாலேடு திரிந்தால் கரண்டியால் அடி, திரியாவிட்டாலும் வசவு. "மூதேவி, உன்னைப் பெத்தவ ஏன் போட்டுட்டு ஓடினான்னு இப்பத் தெரியுது" என்று மதாம் கூடத்துக்கே கேட்கும்படி சொல்வாள். கூடம் சிரிக்கும். எதற்காக இருந்தாள் என்கிறீர்களா? "எனக்கப்புறம் இந்த அடுப்பு உனக்குத்தாண்டி" என்று மதாம் எப்போதோ ஒருநாள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை அடியும்.

போன குளிர்காலத்தில் மதாமுக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனது. உயிர் பிழைத்தது, நாக்கு செத்துவிட்டது. உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. விஷயம் ஸெலிக்கு மட்டும்தான் தெரியும். அன்று முதல் சட்டியில் கரண்டி விட்டு, "பாருடி" என்று அவள் வாயில் ஊட்டினாள் மதாம். ஸெலி சொன்னபடி மதாம் உப்புப் போட்டாள். வசவு மட்டும் குறையவே இல்லை.

ஈஸ்டர் பண்டிகைக்கு மக்கோன் பட்டணத்திலிருந்து அன்செல்ம் வந்தான். மதாமின் அண்ணன் மகன், செருப்புக் கடையில் வேலை. கடையை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள் மதாம்.

ஸெலி கையிலிருந்த கோழியைக் கீழே வைத்தாள். "எனக்குன்னு சொன்னீங்களே மதாம்?"

"உனக்கா? அடுப்பைத் துடைச்சவளுக்கெல்லாம் அடுப்பு சொந்தமாயிடுமா? என் ரத்தம் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ?"

"பயப்படாதே கிழவி, சட்டி கழுவ ஆள் வேணுமில்ல, உன்னை வெச்சுக்கறேன்" என்றான் அந்தக் கடன்காரன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஸெலி நினைத்தாள். ராத்திரி பகலாக அதையேதான் நினைத்தாள்.

அடுத்த புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. கோழி கொதித்துக்கொண்டிருந்தது. மதாம் கரண்டியை நீட்டினாள்.

"பத்தலை மதாம்."

ஒரு கை கல்லுப்பு விழுந்தது. மறுபடி கரண்டி வந்தது. வாய் எரிந்தது, ஸெலி முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம்."

தட்டுகள் போய்ச் சற்று நேரத்தில் கூடத்தில் கரண்டிகள் நின்றுவிட்டன. முதலில் வாய் திறந்தவர் மாட்டு வைத்தியர் குர்தோ. "மதாம், இது கோழியா, கருவாடா?"

மதாம் பாய்ந்து வந்தாள். அவர் தட்டிலிருந்தே ஒரு கரண்டி அள்ளி எல்லார் முன்னாலும் தின்றாள். நிதானமாக மென்றாள். "இதிலே என்னய்யா குறை? அப்படியே அமிர்தமா இருக்கு!"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஐயோ, அந்தப் பார்வை! மதாமுக்கு முகம் வெளுத்தது. வாசற்படியில் நின்ற ஸெலியைத் தரதரவென்று இழுத்து வந்தாள். "இவளைக் கேளுங்க! இத்தனை வருஷத்திலே இவ நாக்கு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. என் நாக்கைவிட இவ நாக்கை நான் நம்பறேன். சொல்லுடி ஸெலி!"

அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னாள் பாவி. ஆனாலும் ஸெலி அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள், கைக்குட்டையில் துப்பினாள்.

"பன்னிகூடத் தின்னாது. மதாமுக்கு நாக்கு செத்து மாசக்கணக்காச்சு, பாவம். நான் சொன்னா எங்கே கேக்கறாங்க?"

கூடம் இடிந்து விழுகிறமாதிரி சிரித்தது.

"வேணும்னே பண்ணினாடா! துரத்துடா அவளை!" என்று மதாம் அன்செல்மிடம் கத்திப் பார்த்தாள்.

"துரத்திட்டு யார் சமைக்கிறது, நீங்களா?" என்றான். அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரியாது. அடுப்பு ஸெலிக்கு வந்தது, மதாமுக்குக் கூடத்து மூலையில் ஒரு நாற்காலி.

தினமும் மதியம் அவளுக்கான தட்டை ஸெலியே கொண்டுவருவாள். உருளைக்கிழங்குத் தோலை அரைத்து, சட்டி கழுவிய தண்ணீரில் மாவு கரைத்துக் காய்ச்சியது. பார்க்கப் பாலேடுபோல வெள்ளையாக இருக்கும். முதல் நாள் மதாம், "இது கோழி இல்லை" என்றாள்.

"உங்களுக்கு எப்படி மதாம் தெரியும்?" என்றார் குர்தோ. அன்றும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு அவள் அப்படிச் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு, ஊர் வழக்கப்படி ரொட்டியால் தட்டையும் துடைத்துத் தின்பாள்.

"எப்படி இருக்கு மதாம்?" என்று ஸெலி பக்கத்தில் நின்று கேட்பாள், கூடத்துக்கே கேட்கும்படி.

"நல்லா இருக்கு."

"அப்போ இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சொல்லி ஸெலி இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.