பூட்டிவைத்த மழைத்தண்ணீர்

இன்று மொட்டைமாடிக் குழாயில் மழை இறங்கும் சத்தம் கேட்டதும், நான் படித்த பள்ளிக்கூடத்து மழைநீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது.

சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து எங்கள் ஊர்க் கிணறெல்லாம் சிவந்திருந்த காலம். எனக்குக் காய்ச்சல் தீர்ந்ததும், வேண்டுதல்படி பிள்ளையாருக்கு ஊற்ற அம்மா அந்தப் பள்ளித் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

"கோடையில பிள்ளைங்க குடிக்கோணுமுங்க. சாமி கோவிச்சுக்காது," என்று தலைமையாசிரியர் தொட்டியைப் பூட்டினார்.

"அதுவும் நெசந்தானுங்க," என்று திரும்பிய அம்மா, கிணற்றுத் தண்ணீரையே வடிகட்டி, மன்னிப்புக் கேட்டபடி ஊற்றினார்.

இன்னும் வெயில் ஏறட்டும் என்று தலைமையாசிரியர் தொட்டியைத் திறக்காமல் காத்திருந்ததில் கோடை விடுமுறையே வந்துவிட்டது. பள்ளி திறந்தபோது தண்ணீரெல்லாம் புழு. வாளி வாளியாக வீதியில் கொட்டினார்கள்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "பிள்ளைங்களும் குடிக்கலீங்களே சார்," என்றார்.

இன்று பிள்ளையாருக்கு ஒரு குடம் மழைநீர் கொண்டுபோனேன். ஊற்றும்போது, அம்மா பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.