புல் வெட்டும் வண்டியைக் குளிப்பாட்டிய கதை

"அதெல்லாம் சுத்தப் பொய்டி. எங்கள ஒண்ணும் வேலைய வுட்டுத் தொரத்தல. தண்ணி புடிக்க கொயாயாண்ட நிக்கிறவளுங்க வாயில வந்தத அளந்துக்கினு கீறாளுங்க. கேட்டாண்ட இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள வந்து ஒக்காரு, சொல்றேன்."

இந்தத் தோட்ட பங்களா சென்னைக்காரம்மாவுடையது என்று உனக்குத் தெரியும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இங்கேதான் பிழைப்பு. சுற்றிலும் புல்தரை. அதை வெட்ட, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று. சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், வயிற்றுக்கு அடியில் கத்தி சுற்றும். ஓட்டுவது அவர், வெட்டிய புல்லை வாரிக் கொட்டுவது நான். அந்தப் புல்லை ஒருநாள் நம் மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பெட்ரோல் வாசனை ஆகவில்லையாம் மகாராணிக்கு. அது கிடக்கட்டும்.

அவர் முட்டியை நீ பார்த்திருக்கிறாய். சேற்றிலேயே நின்று நாசமாய்ப் போனது. நடவுக்கோ அறுப்புக்கோ இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. உட்கார்ந்தபடி செய்ய அவருக்கு இந்த ஒரு வேலைதான். இதுவும் போனால் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவ உட்கார்ந்தார். பம்புசெட் இன்ஜினோடு வளர்ந்தவர். அதில் காற்று போகிற வழியில் இருக்கும் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் விடுவது வழக்கம். அதே நினைப்பில் இந்த வண்டியின் மூடியையும் திறந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த ஃபில்டரை எடுத்து, சோப்புத் தூள் போட்டுக் கசக்கி, எண்ணெய் தடவி மாட்டினார். அப்புறம் தண்ணீர் பைப்பைப் பிடித்து மேலும் கீழும் பீய்ச்சினார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கல்யாண மாப்பிள்ளை போல நின்றது வண்டி. மறுநாள் சாவியைத் திருகினால் இருமுகிறது, கிளம்பவில்லை.

"இன்னாயா, குளிப்பாட்டி ஜன்னி வர வெச்சிட்டியா?" என்றேன்.

"கம்முனு கெடமே. சாமி கும்புட்ட வண்டி, கெளம்பும்."

எங்கே கிளம்பியது! மழையில் புல் கணுக்காலை மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இங்கே அந்தம்மாவின் பெண்ணுக்கு வளைகாப்பு. இவரே அந்தம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். அந்தம்மா திட்டவில்லை. "பரவாயில்ல பெரியவரே, அடுத்த மாசத்துலேர்ந்து கம்பெனி ஆளுங்க வந்து வெட்டிட்டுப் போவாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். இவர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். மூடியைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு ஆயா இத தோச்சது? காயிதம் இது! தட்டி தூசி ஒதறணும், கெட்டுப்போனா புச்சு மாத்தணும்."

"எங்க வூட்டுக்காருதான்."

"நல்லவேள, நீலம் போடாம வுட்டாரே!"

புது ஃபில்டர் வந்தது. தண்ணீர் கலந்த பெட்ரோலை இறக்கினோம். பிளக்கைக் கழற்றிக் காய வைத்தோம். அடியில் அப்பிக்கிடந்த ஈரப் புல்லை நான் மல்லாந்து படுத்துச் சுரண்டினேன். இடுப்பு விட்டே போயிற்று. சனிக்கிழமை சாவியைத் திருகினார். பிடித்துக்கொண்டது!

ஆனால் அவரால் ஏற முடியவில்லை. வண்டியைப் பழுது பார்க்க ஈரத்தரையில் மண்டியிட்டதில் முட்டி பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. காலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ ஏறுமே."

"நானா? பேரன் பேத்தி எடுத்தவள மிஷின்ல ஏத்துறியே, ஊரு சிரிக்கும்யா!"

"சிரிக்கிறவன வந்து வெட்டச் சொல்லு."

ஏறினேன். அவர் பக்கத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்ல, ஓட்டினேன். அவ்வளவு அலுப்பிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆயுசு பூராவும் குனிந்து புல் அறுத்தவள், உட்கார்ந்து அறுக்கிறேன்! என்ன, வெட்டின வரிசை கோணல் மாணலாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வந்து, "யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

"அவதாம்மா. இனிமே ஓட்றது அவ. ஃபில்டரு, பிளக்கு, ஆயிலு எல்லாம் ஒக்காந்துக்கினே நான் பாத்துக்கறேன். தோய்க்க மாட்டேன்மா, சத்தியமா."

அந்தம்மா கோணல் வரிசையைப் பார்த்தார், வீங்கின முட்டியைப் பார்த்தார். "அப்ப கம்பெனிக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

வேலை போகாமல் தப்பியது, என் உடம்புதான் தப்பவில்லை. ஓட்டுவதும் நான், வாருவதும் நான். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் துடைத்துத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் கெட்டார் போ.

"இன்னாமே, எவ்ளோ நேரம் கத? இன்ஜின் ஆறுது!"

கேட்டாயா? இன்றைக்கு ஆயில் மாற்றுகிறோம். சூடு இருக்கும்போதே திறந்தால்தான் பழைய எண்ணெய் முழுதும் வடியும். குனிந்து சட்டி வைக்க நான்தானே போக வேண்டும்.

"தோ வரேன்யா! நீ இருடி, அந்தத் துணிய மட்டும் இப்டி குடு."