பொத்தானைத் தொட்டால் அக்கா பேசுவாள்

ஆபீசில் எல்லாரும் அவனைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். இணையதளங்களுக்கு வீடியோ செய்து கொடுக்கிற வேலை. வெறுமனே ஓடி முடிகிற வீடியோ இல்லை. பார்க்கிறவர் திரையில் ஒரு கேள்வியைத் தொட்டால் அதற்கான பதில் துண்டு மட்டும் ஓடும். வேறு கேள்வியைத் தொட்டால் வேறு துண்டு. எதிரே ஆள் உட்கார்ந்து பதில் சொல்வது போலவே இருக்கும். பேசுகிறவரின் இழுவை, செருமல், யோசனை எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வாய் திறந்தால் உளறுகிற முதலாளிகளையெல்லாம் மேடைப் பேச்சாளர் ஆக்கி அனுப்பியிருக்கிறான். நம்ம மேனேஜரையும் கொஞ்சம் வெட்டி விடேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

அந்தக் கையைத்தான் சொந்த அக்காவிடமும் வைத்தான்.

அக்கா கடைத்தெருவில் மெத்தைக்கடை வைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு திக்கும். அதை அவள் ஒரு குறையாக நினைத்து யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்களை மெத்தையில் படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, "நா... நா... நான் விலை சொல்லி முடிக்கறதுக்குள்ள தூங்கிடாதீங்க" என்பாள். சிரித்துக்கொண்டே எழுகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார். நாக்கைக் கொஞ்சம் முடிச்சுப்போட்டு அனுப்பிய கடவுள், அதை அவிழ்க்கிற சிரிப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

பக்கத்துத் தெருவில் பெரிய கடை ஒன்று திறந்தபின் வியாபாரம் மந்தமானது. அத்தான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவன்தான், கடைக்கு ஒரு இணையதளம் போடலாம், அக்காவே அதில் பேசட்டும் என்று ஆரம்பித்தான். ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு எது, முதுகுவலிக்காரருக்கு எது, பஞ்சா தேங்காய்நாரா என்று கேள்விகளை அடுக்கினான். காலையில் கடை திறக்குமுன் அவளை உட்காரவைத்து, கழுத்தோரம் மைக் குத்திப் படம் பிடித்தான். அவளும் திக்கித் திக்கி, நடுநடுவே அவனையே கிண்டலடித்து, சந்தோஷமாகப் பேசினாள்.

கம்ப்யூட்டரில் போட்டபோது குரல் மேடும் பள்ளமுமாகத் திரையில் நீண்டது. தடுக்கின இடமெல்லாம் அவன் கண்ணுக்குக் குப்பையாகத்தான் தெரிந்தது. வெட்டினான். வெட்டின இடம் தெரியாமலிருக்க, நடுவே ஊசியையும் பஞ்சையும் தைக்கிற விரல்களையும் காட்டினான். தூக்கத்தைப் பற்றின அந்தக் கேலியும் போயிற்று; திக்கல் இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லையே. முடிந்ததும் அக்கா ஆற்றொழுக்காகப் பேசினாள். அவனுக்கே கண் கலங்கியது. அக்காவுக்கு நல்லது செய்துவிட்டோம் என்றுதான் மனதார நம்பினான், பாவம்.

அக்கா பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். "ந... நல்லாப் பேசறாளே" என்றாள். பேசறாளே என்று யாரோ போலச் சொன்னதை, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான்.

வீடியோ பார்த்துவிட்டு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். அத்தான் போனில் பூரித்துப் போனார். வேலை மும்முரத்தில் அவன் அந்தப் பக்கம் போகவேயில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் போனபோது கடையில் கூட்டம் இருந்தது, அக்காவின் சத்தம் மட்டும் இல்லை. மேஜைமேல் ஒரு டேப்லெட். யாரோ கேட்டார், முதுகுவலிக்கு எது நல்லது என்று. அக்கா வாய் திறக்காமல் பொத்தானைத் தொட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள். உள்ளேயிருந்து அக்கா மளமளவென்று பேசினாள்.

அடுத்து ஒரு பெண், பிள்ளை பெற்று வந்திருக்கும் தன் மகள் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கத் தோதான தலையணை கேட்டாள். அதற்குப் பொத்தான் இல்லை. அக்கா திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். பிறகு தலையை ஆட்டினாள். அந்தப் பெண் போய்விட்டாள். கேட்ட தலையணை அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

அவன் அத்தானைத் தனியே கூப்பிட்டு விசாரித்தான். வீடியோ பார்த்து முதல் முதலாக வந்த ஒருவர், அக்கா பேச ஆரம்பித்ததும், வீடியோவில் பேசினவங்க உங்க தங்கச்சியா என்று கேட்டாராம். தப்பாக நினைத்துக் கேட்கவில்லை, நல்ல மனுஷன்தான். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாளாம். அன்றோடு சரி.

கூட்டம் கலைந்தபின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அக்கா, முழுசா எங்கிட்டயே இருக்கு. வெட்டினதெல்லாம் திரும்பச் சேத்துடறேன்."

"வே... வேணாம்டா." மெத்தை உறையை மடித்தபடியே சொன்னாள். "நீ கெடுதல் ஒண்ணும் பண்ணல. திக்காம இருந்தா நா... நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்ப தெ... தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

அவன் மனதுக்குள், இறைவா, அவள் அறியாமலே இருந்திருக்கலாமே என்றுதான் ஓடியது.

பால் கொடுக்கிறவர்களுக்கான தலையணைக்கும் ஒரு பொத்தான் வைத்துத் தரச் சொன்னாள். நீயே பேசு அக்கா, ஒரு இடம்கூட வெட்ட மாட்டேன் என்று கெஞ்சினான். "எ... எழுத்தாப் போடு. போதும்" என்றாள்.

பிறகு, எந்த உயரம் வேண்டும், எந்தப் பஞ்சு கசங்காது, கை சாய்க்க எங்கே மேடு வேண்டும் என்று அவனுக்கு விளக்கினாள். திக்கினாள், நின்றாள், மறுபடி பிடித்துக்கொண்டு சொன்னாள். அவன் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டே வந்தான்.