அந்தரத்தில் நின்ற சறுக்காட்டக்காரன்

எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு தினமும் ஒரு மீன் வியாபாரி வருவார். முறுக்கு மீசை, அவர் கூவினால் சந்தையே திரும்பிப் பார்க்கும். படத்துக்கு முன் போடும் நியூஸ் ரீலில் ஒரு வெள்ளைக்காரன் பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே பம்பரமாய்ச் சுற்றுவான். ஆண்களுக்கான உலகப் போட்டியாம். அவன் சுற்றும்போது இவருடைய ஒரு கால் மணலிலிருந்து தானாக எழும்பும். அவன் துள்ளுகிற இடத்தில் ரீல் அறுந்து ஒட்டுப்போட்டிருந்ததால், தரை தொடுமுன் வேறு செய்தி வந்துவிடும். அதோடு இவரும் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேன்: “படம் பாக்கலியா அண்ணாச்சி?”

“படத்துல என்ன மக்கா, கடைசீல கல்யாணம். இவன் ஒத்தக் கால்ல எறங்குனானா, விழுந்தானா? அதுல்லா தெரியணும்!”

“அவன்தான் ஜெயிச்சான். பேப்பர்ல போட்டிருந்தாங்களே.”

“மெடல் குடுத்தவன் பாத்தான். நான் பாக்கலியே!”

மறுவாரம் ரீல் மாறி, ஏதோ அணைக்கட்டுத் திறப்பு விழா ஓடியது. அவர் எழுந்து ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்: “ஏலே, அவன மொதல்ல கீழ எறக்கி விடுலே!”

கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.